தாய்வழியில் ஏழு பேர்

– ரொட்டியை எடுத்துப் பாக்குற மாதிரியே நில்லு இர்மி. என் மூஞ்சியைப் பாத்துப் பேசாத.

– பாக்காம எப்படிண்ணே பேசுறது? பதினோரு மாசமாச்சு உன் மூஞ்சியைப் பாத்து.

– அண்ணேன்னும் கூப்பிடாத. டீட்மர்ங்குற பேரையும் வாயில எடுத்துராத, சொன்னாக் கேளு. இங்க எனக்கு லாம்பர்ட்னு பேரு.

– லாம்பர்ட்டா? அது நம்ம மந்தைக் கிடாய் பேருல்ல?

– சிரிக்காத. கூட்டத்துல ஆளுங்க பாக்குறாங்க.

– எங்க சிரிச்சேன்? ஒண்ணரை நாள் நடந்து வந்திருக்கேன். கால் வீங்கிப் போய் நிக்குறேன். பண்ணைக் காரியக்காரர் மட்டும் குதிரையில வந்தாரு. நாங்க ஏழு பேரும் அவருக்குப் பின்னால ஓட்டிட்டு வந்த ஆடு மாதிரி வந்தோம்.

– அவர் இப்ப எங்க?

– அந்தா, பீர் காய்ச்சுறவ வீட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. மாமன்மார் ரெண்டு பேருக்கும், பெரியாத்தா மகன்க நாலு பேருக்கும் அவரு செலவுல பீரு. எனக்குத் தாகமில்லைன்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்தேன். ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

– ஆறு பேரும் என்ன சொல்லப் போறாங்க?

– என்னத்தச் சொல்லுவாங்க? புனிதர் கீலியானார் எலும்புப் பேழையில கையை வச்சு, "இவன் எங்க ரத்தம், நாங்க பண்ணையடிமைன்னா இவனும் பண்ணையடிமை"ன்னு சொல்லுவாங்க. பீருக்காகச் சொல்லலைண்ணே, நீ தப்பா நினைச்சிராத. போன வாரம் பெரிய மாமனை ஒரு ராத்திரி முழுக்கத் தொழுவத்துல கட்டிப் போட்டிருந்தாரு காரியக்காரர். காலையில அவுத்துவிட்டதும் மாமன் சரின்னுட்டாரு. அவரு சரின்னதும் மத்தவங்களும் சரின்னுட்டாங்க.

– ஏழாவது நீ.

– ஏழாவது நான். தாய்வழியில வேற ஆளு இருந்திருந்தா என்னைய எதுக்குக் கூட்டிட்டு வரப்போறாரு? உன் கூடப் பொறந்தவ கடைசியில காலை வாரிருவாளோன்னு அவருக்குப் பயந்தான்.

– இர்மி, ஆறு பேர் சொன்னா செல்லாது. தெரியும்ல? ஏழு பேரும் சொல்லணும். அரசர் இந்தச் சந்தைக்குக் குடுத்த சட்டம் அது. ஒருத்தன் ஒரு வருசமும் ஒரு நாளும் இந்த நாலு எல்லைச் சிலுவைக்கு உள்ள இருந்துட்டான்னா, அப்புறம் எந்தப் பண்ணையும் அவனைக் கேக்க முடியாது. யோவான் திருநாளுக்கு மறுநாள் எனக்கு முடியுது. இன்னும் இருபத்தி மூணே நாள்தான்.

– வழியெல்லாம் காரியக்காரர் இதைத்தான் சொல்லித் திட்டிக்கிட்டே வந்தாரு. "ஆத்துத்துறையில ஒரு கம்பத்தை நட்டு, அதுல ராசாவோட கையுறையைத் தொங்க விட்டுட்டா ஊரா? எங்க ஆளுங்களையெல்லாம் முழுங்குது"ன்னாரு. நிசமாவே ராசா கையுறையா அது?

– அப்படித்தான் சொல்றாங்க. அது தொங்குற வரைக்கும் இங்க யாரும் யார் மேலயும் கை வைக்க முடியாது.

– மழையில நனைஞ்சு செத்த எலி மாதிரி தொங்குது. அப்பாகூட ஆடு ஓட்டிக்கிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு இந்த ஹாசல்துறையில ஒரு ஓடக்காரனும் ஒரு கொல்லனுந்தான். கொல்லன்கூட வேலையில்லாம தூங்கிக்கிட்டு இருந்தான்.

– இப்ப அம்பத்தி நாலு வீடு. கயிறு புடிச்சு அளந்து மனை குடுக்குறாங்க. ஒரு வீட்டுக்கு இத்தனை அடி வாசல், இத்தனை அடி கொல்லைன்னு கணக்கு. சந்தை முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒண்ணு, இப்ப வாராவாரம் வியாழக்கிழமை. நாள் முடிஞ்சதும் எனக்கும் ஒரு மனை.

– கயிறு புடிச்சு அளந்து என்ன? தெருவுல சேறு நம்ம ஊரைவிட ஆழமாயில்ல இருக்கு.

– நீ இன்னும் மாறவே இல்லை.

– நீ மாறிட்ட. கை வெள்ளையா இருக்கு.

– மாவு. ராத்திரி மூணாவது சாமத்துலேர்ந்து பிசையுறேன். இர்மி, சொன்னாக் கேளு. நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை. மத்தியான மணி அடிச்சதும் சந்தை மணியக்காரர் அந்தக் கம்பத்தடியில உன்னைக் கூப்பிடுவாரு. "இவன் உன் கூடப் பொறந்தவனா?"ன்னு கேப்பாரு. இல்லைன்னு சொல்லிரு. ஒரே ஒரு வார்த்தை. கால்ல விழணும்னா அடுப்படிப் பக்கம் வந்து விழுறேன். இங்க எல்லாரும் பாக்குறாங்க.

– அண்ணே.

– பொய்ச் சத்தியம்னு பயமா இருக்கா? நான் நோன்பு இருக்கேன். உனக்காகப் பூசை வைக்கிறேன்.

– அண்ணே, இருண்ணே. நான் வீட்டை விட்டுக் கிளம்புறப்பவே முடிவு பண்ணிட்டேன். இல்லைன்னுதான் சொல்லப் போறேன்.

– என்ன சொன்ன?

– உன்னைத் தெரியாதுன்னு சொல்லப் போறேன்னு சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொட்டி வாங்குற சாக்குல வந்தேன். நீ பயந்துக்கிட்டு நிப்பேன்னு தெரியும்.

– இர்மி... காரியக்காரர் உன்னைச் சும்மா விடுவாரா?

– விட மாட்டாரு. மந்தையை என் வீட்டுக்காரரு ஆல்பர்கிட்டயிருந்து புடுங்கிருவேன்னு சொல்லிட்டாரு. அவரைக் கல்லு சுமக்கப் போடுவாங்க. ஆல்பர் அதுக்கும் சரின்னுதான் சொன்னாரு. முதுகு வலிக்கும்னு மட்டும் சொன்னாரு. எனக்குப் பயம் காரியக்காரர் இல்லைண்ணே. அந்த எலும்புதான். மேல்மடத்து மேய்ப்பன் பொய்ச் சத்தியம் பண்ணி அவன் வலது கை சூம்பிப் போச்சு. நான் பாத்திருக்கேன். ரெண்டு ராத்திரியா என் கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே கிடந்தேன். பிள்ளைக்குப் பால் குடுக்க இந்தக் கையிலதானே ஏந்தணும்.

– அப்படியிருந்தும் எதுக்கு எனக்காக? நான் உங்களையெல்லாம் விட்டுட்டு ஓடி வந்தவன்.

– கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. நீ ஓடிப் போன மறுநாள் உன் பங்கு உழவையும் சேத்து நாங்கதான் உழுதோம். அறுப்பு வரைக்கும் உன்னைய வஞ்சுக்கிட்டேதான் கிடந்தேன். மார்ட்டின் திருநாளுக்கு ஆத்தா இங்க வந்துட்டுத் திரும்புனா பாரு, அன்னைக்குத்தான் எனக்குக் கோவமெல்லாம் போச்சு.

– அம்மா என்ன சொன்னா?

– அம்மாவாம்ல. ஆத்தாங்குறதுகூட மறந்து போச்சா? எல்லாத்தையும் சொன்னா. சொல்லிச் சொல்லி எங்க காதைத் தின்னுட்டா. நீ தூரத்துல பாத்ததுமே ஓடி வந்தியாம். குளுருல நடுங்குறியே ஆத்தான்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனியாம். அடுப்போரம் உக்கார வச்சு, காலைச் சுடுதண்ணியில வைக்கச் சொன்னியாம். அந்த பெர்த்தா இருக்கால்ல, இந்த ரொட்டியடுப்புக்குச் சொந்தக்காரி, அவ பால் கஞ்சி ஊத்துனாளாம். நல்ல பொம்பளைன்னா ஆத்தா. வரும்போது ஒரு ரொட்டியைத் துணியில கட்டிக் குடுத்தியாம். அதை எங்க வீட்டுல ஒரு வாரம் வச்சிருந்து திருவிருந்து அப்பம் மாதிரி பிச்சுப் பிச்சுக் குடுத்தா. "என் மகன் சுட்டது"ன்னு சொல்லித்தான் ஒவ்வொரு துண்டையும் குடுப்பா. என்னண்ணே, ஏன் ரொட்டியை அடுக்கிக்கிட்டே இருக்க? அடுக்குனதுதானே அது?

– ஒண்ணுமில்லை.

– தவக்காலத்துல ஆத்தா செத்துப் போனப்பவும் உன் பேச்சுத்தான். சேதி வந்துச்சா உனக்கு?

– ஊசி விக்கிறவன் சொன்னான். அன்னைக்குக் கிழக்கு எல்லைச் சிலுவை வரைக்கும் நடந்து போனேன். அதுக்கு மேல...

– அதுக்கு மேல ஒரு அடி வச்சிருந்தா உன்னைப் புடிச்சிருப்பாங்க. காரியக்காரர் ஆள் போட்டிருந்தாரு. நீ வரலைன்னு எனக்குக் கோவமில்லைண்ணே. அன்னைக்கு நடந்த கூத்தை நீ பாக்காததே நல்லது. செத்தவ வீட்டுல இருக்குற நல்ல துணி பண்ணைக்குல்ல சேரணும்? காரியக்காரர் வந்து ஆத்தாவோட பொட்டியைத் தொறந்தாரு. உள்ள ஒண்ணே ஒண்ணுதான். அந்தத் தவிட்டு நிறப் போர்வை, ஓரத்துல ரெண்டு ஒட்டுப் போட்டது. இங்க வந்தப்ப அதைத்தானே போட்டுக்கிட்டு வந்தா? அதுதாண்ணே அவகிட்ட இருந்ததுலயே நல்ல துணி. அதைத் தூக்கிப் பாத்துட்டு, "இதுவா நல்ல துணி?"ன்னு கேட்டாரு. எங்க எல்லாருக்கும் முன்னால மூக்கைப் புடிச்சுக்கிட்டு வெளிய எறிஞ்சாரு. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு.

– போதும் இர்மி.

– சரி, சொல்லலை. அண்ணே, மணியடிக்க நேரமிருக்குல்ல? நானும் அந்த அடுப்போரம் ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போறேன். ஆத்தா உக்காந்த இடத்துல. கஞ்சியெல்லாம் வேணாம். சும்மா உக்காந்து எந்திரிச்சா எலும்புல கை வைக்க எனக்குத் தைரியம் வந்துரும்.

– இப்ப வேணாம்.

– ஏன்?

– உள்ள பெர்த்தா இருக்கா.

– இருந்தா என்ன? ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்துனவ என்னைய வெரட்டவா போறா? ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன்.

– வேணாம்னு சொல்றேன்ல. அவளுக்கு நான்... யோவான் திருநாளுக்கு அப்புறம் எங்களுக்குக் கல்யாணம். நான் ஒரு வியாபாரி மகன், ஆத்துல படகு கவுந்து எல்லாம் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

– எப்ப சொன்ன?

– வந்த புதுசுல.

– அப்ப ஆத்தாவை உள்ள கூட்டிட்டுப் போனப்ப யாருன்னு சொன்ன?

– இந்த ரொட்டி ஆறிப் போச்சு, அதை எடுத்துப் பாரு.

– அண்ணே, யாருன்னு சொன்ன?

– இர்மி, நீ மணியக்காரர்கிட்ட சொல்றதைச் சொல்லு. அப்புறம் பேசிக்கலாம்.

– அப்புறம் எப்ப? நான் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் செத்தாலும் நம்ம ரெண்டு பேரும் பேசிக்க முடியாது. இப்ப சொல்லு.

– நான் உள்ள கூட்டிட்டுப் போகலை.

– என்ன?

– அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போகலை. கஞ்சி குடுக்கலை. சுடுதண்ணி குடுக்கலை. அவ பொய் சொல்லியிருக்கா இர்மி. நீ இப்ப நிக்குற இடத்துலதான் நின்னா. நான் சும்மா இருந்திருக்கலாம், நீ நம்பிக்கிட்டுப் போயிருப்ப. முடியலை.

– காரியக்காரரோட ஆளு யாராவது பின்னால வந்தானா? அதனாலயா?

– ஆமா. அதனாலதான். ஒரு ஆளு...

– யாரு? உடும்புத்தலையனா? சின்ன மாமன் வீட்டுப் பக்கத்துல இருக்கானே, அவனா?

– இல்லை. யாரும் வரலை. அன்னைக்கு எந்த ஆளும் இல்லை.

– பின்ன யாருக்குப் பயந்த? இந்த ஊருல பாதிப்பேரு ஓடி வந்தவங்கதான்னு காரியக்காரரே சொல்றாரு. ஒரு கிழவி வந்தா எவன் கேக்கப் போறான்?

– யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதை நினைச்சாத்தான்... பெர்த்தா உள்ள அடுப்புகிட்ட நின்னா. துணி வியாபாரி சம்சாரம் ரெண்டு பேரு வெள்ளை ரொட்டி பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. அம்மா அந்தப் போர்வையோட, காலுல ஒண்ணும் இல்லாம, கணுக்கால் வரைக்கும் சேறு. ஆட்டு நாத்தம். அந்த ரெண்டு பொம்பளைகளும் மூக்கைச் சுளிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு இர்மி. பயமில்லை, வெக்கம். என்னைப் பெத்தவளைப் பாத்து வெக்கம்.

– அவ உன்னைக் கூப்பிட்டாளா?

– "டீட்மரு"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. துணி வியாபாரி சம்சாரம் திரும்பிப் பாத்தா. நான் உள்ள பாத்துக் குரல் குடுத்தேன்.

– என்னன்னு?

– வேணாம்.

– என்னன்னு குரல் குடுத்த? அடுப்புக்காரி பேரு பெர்த்தான்னு ஆத்தாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

– "பெர்த்தா, நேத்து ரொட்டி ஒண்ணு எடு. பிச்சைக்காரி வந்திருக்கா"ன்னு சொன்னேன்.

– பிச்சைக்காரியா? நம்ம ஆத்தாவையா?

– ரொட்டியை நான்தான் அவ கையில குடுத்தேன். துணியிலயும் கட்டிக் குடுக்கலை. குடுத்துட்டு, "சாப்பிட்டுட்டுக் கோயில் வாசலுக்குப் போ கிழவி, இங்க நிக்காத"ன்னேன். அவ என்னைப் பாத்தா. அழலை. "புண்ணியமா இருப்பீங்க ஐயா"ன்னு சொன்னா இர்மி. ஐயான்னு சொன்னா. எல்லாப் பிச்சைக்காரியும் சொல்றதுதான். எனக்காகத்தான் அப்படிச் சொன்னான்னு அவ தெரு முனை தாண்டுனதுக்கு அப்புறந்தான் புரிஞ்சுச்சு.

– ஓடியிருக்கலாம்ல. தெரு முனைதானே.

– ஓடலை. வெள்ளை ரொட்டி வித்துக்கிட்டு இருந்தேன்.

– அந்த ரொட்டியை என் பிள்ளை வாயில வச்சேண்ணே. "மாமன் குடுத்தது"ன்னு சொல்லிச் சொல்லி வச்சேன்.

– என்னைத் திட்டு. அடி. நாலு பேர் பாத்தாலும் பரவாயில்லை.

– தள்ளி நில்லு.

– லாம்பர்ட்டு! என்னப்பா, இந்தம்மாதான் ஏழாவது சாட்சியா? இங்க நின்னு ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?

– ரொட்டி பாத்துக்கிட்டு இருந்தாங்க மணியக்காரரே.

– கேட்டியாம்மா, மணியடிச்சது உங்க காதுல விழலையா? ஆறு பேரு கை வச்சுச் சொல்லியாச்சு. உனக்காகத்தான் எல்லாரும் நிக்குறோம், உங்க காரியக்காரர் குதிரைக்கு இப்பவே சேணம் கட்டச் சொல்லிட்டாரு. வா வா, கம்பத்தடிக்கு வா. லாம்பர்ட்டு, நீயும் வா. மாவுக் கையைத் துடைச்சுக்கிட்டு வா, கீலியானார் முன்னால நிக்கப் போற.

– வாரேங்க ஐயா.

– இந்தப் பக்கம் நில்லும்மா. சேறு, பாத்து. இதுதான் பேழை. வலது கையை வை. பயப்படாத, கேட்டியா? உன்னை அதட்டவோ அடிக்கவோ இங்க ஒருத்தனுக்கும் உரிமை இல்லை. தலைக்கு மேல கையுறை தொங்குது பாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். நீ...

– மணியக்காரரே, அவளைக் கேக்காதீங்க. நானே சொல்றேன். என் பேரு லாம்பர்ட் இல்லை. நான் டீட்மர். இவ என் தங்கச்சி. ஒரே வயித்துல பொறந்தவ.

– ஏலேய், உன்னை யாராவது கேட்டாங்களா?

– எங்க ஆத்தா பேரு ஹாடவிக். அவ ஆட்டுக்காரி. மார்ட்டின் திருநாளுக்கு இங்க வந்தா. எல்லாரும் கேட்டுக்கோங்க, பெர்த்தா, நீயும் கேட்டுக்கோ. அவ பிச்சைக்காரி இல்லை. என்னைப் பெத்தவ.

– வாயை மூடு! பைத்தியமா உனக்கு? ஓடி வந்தவன் வாயால சொல்றது இங்க செல்லாது, கேட்டியா? செல்லும்னு வச்சா நாளைக்கு எவனெவனையோ எல்லைக்கு வெளிய இழுத்துப் போட்டு மிதிச்சு, ஆமான்னு சொல்ல வச்சிருவானுங்க. அதுக்குத்தான் தாய்வழியில ஏழு பேரு வேணும்னு வச்சிருக்கு. ஏழு பேரு சொன்னா நீ பண்ணைக்குப் போற, சொல்லலைன்னா அடுப்புக்குப் போற. உன் வார்த்தை தம்பிடிக்கும் பெறாது. நீ சொல்லும்மா. இவன் சொன்னதை விட்டுத்தள்ளு. இவன் உன் கூடப் பொறந்தவனா?

– இர்மி, ஆமான்னு சொல்லிரு. உன் கையைக் கெடுத்துக்காத. நான் ஊருக்கே வந்துர்றேன்.

– ஐயா, சொல்லலாங்களா?

– சொல்லும்மா.

– ரெண்டு நாளா இந்த எலும்புக்குப் பயந்துக்கிட்டே வந்தேனுங்க. இப்ப பயமில்லை. எனக்கு டீட்மர்னு ஒரு அண்ணன் இருந்தானுங்க. குளுருல வந்த ஆத்தாவை அடுப்போரம் உக்கார வச்சுக் கஞ்சி குடுத்தவன். அவன் இவரில்லைங்க.